கொங்குத் தமிழில் டிராகன் வெப்காமிக்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி பகடை உருட்டி ஆடும் சாகச விளையாட்டை வைத்து நகைச்சுவை வெப்காமிக் (இணையத்தில் வரும் படக்கதை) போட நினைப்பவர்கள் முதலில் சறுக்குவது விதிப்புத்தகத்தில்தான். விதியே ஜோக் என்று நினைத்துவிடுகிறார்கள். "கவச எண் 15, எனக்கு விழுந்தது 14" (அதாவது, ஒரு எண்ணில் அடி தப்பிவிட்டது) என்பதில் ஆடிப் பழகாதவருக்குச் சிரிக்க ஒன்றுமில்லை. அதே 14-ஐ, போன பக்கம் முழுக்க "நம்ம குறி தப்பாதுங்க" என்று பீத்திக்கொண்ட வில்லாளிக்குக் கொடுங்கள். பகடையையே பார்த்திராத அமுச்சிகூட (பாட்டிதான்) சிரிப்பார்.

ரிச் பர்லூ 2003-ல் தொடங்கிய 'தி ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்' என்ற குச்சி மனிதர் வெப்காமிக் இதற்கு நல்ல பாடம். ஆரம்பப் பக்கங்கள் விதி மாற்றங்களைக் கிண்டலடித்தன. போகப்போக ஆட்களுக்குள் நடக்கும் சண்டையும் அப்பன் மகன் பிணக்கும் கதையைப் பிடித்துக்கொண்டன. அதன் பழைய தொகுப்புகளை மறுபதிப்பு செய்ய 2012-ல் வாசகர்கள் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் 12 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அத்தனையும் குச்சி மனிதர்களுக்காக! ஆகவே "எனக்கு வரையத் தெரியாது" என்பது சாக்குதான். ஆனால் முடி, தொப்பி, ஆயுதம், உயரம் இவற்றை வைத்தே ஒவ்வொருவரையும் பிரித்தறிய முடிய வேண்டும். ஆட்களை முழுக்கக் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். யார் யாரென்று தெரியவில்லையென்றால் உருவங்களை மாற்றுங்கள்.

பகடையை அதிசயமாகக் காட்டுவது அடுத்த தவறு. 20 முகப் பகடையில் 20 விழும் வாய்ப்பு 5 சதவீதம்; 1 விழவும் அதே 5 சதவீதம். இருபது முறை உருட்டினால் ஒரு தடவையாவது 20 விழ 64 சதவீத வாய்ப்பு உண்டு. பக்கத்துக்குப் பக்கம் 20 விழுந்து வில்லன் செத்தால் ஆடுபவர்களுக்கு அது அலுப்பு, ஆடாதவர்களுக்கு அது குருட்டு அதிர்ஷ்டம். இன்னொன்று: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிப்படி 20 விழுந்தால் தானாக வெற்றி என்பது தாக்குதலுக்கு மட்டும்தான். பூட்டுத் திறக்கவோ பேரம் பேசவோ அது செல்லாது. இதில் கோட்டைவிட்டால் விவரம் தெரிந்த வாசகர் முதல் வாரமே பிடித்துவிடுவார்.

பேச்சுக்கு வருவோம், அதிகம் கெடுவது இங்கேதான். சினிமாவைப் பார்த்து எல்லார் வாயிலும் "ஏனுங்கோ"வைத் திணித்தால் கொங்கு வந்துவிடாது. பெரியவரிடமும் முன்பின் தெரியாதவரிடமும் 'ங்க' வரும், சண்டையில்கூட வரும். கூட்டாளிக்குள் 'டா'வும் 'மாப்ளே'யும்தான். சிரிப்பு அந்தப் பழக்கத்திலேயே இருக்கிறது. பாலத்தைக் காக்கும் பூதம் இப்படிப் பேசட்டும்: "தாண்டோணும்னா ஒரு ஆளைத் தின்னோணுங்க. கோவிச்சுக்காதீங்க." மரியாதை குறையாமல் ஆளை விழுங்கப் பார்க்கும் பூதம் வேறு ஊரில் கிடைக்காது. அதே பூதம் கடைசிக் கட்டத்தில் "அக்கட்டால போடா" என்று கத்தினால், நிலைமை முற்றிவிட்டதென்று விளக்கக் குறிப்பு எழுத வேண்டியதில்லை. எல்லாரையும் ஒரே மாதிரி பேசவிட்டால் இந்த மாற்றத்தைக் காட்டவே முடியாது.

களத்தையும் வெளியிலிருந்து அப்படியே இறக்காதீர்கள். கோட்டையும் மதுக்கடையும் எத்தனையோ காமிக்ஸில் பார்த்தாயிற்று. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் தேரையொட்டி குதிரைச் சந்தை கூடுகிறது. சாகசக் கூட்டத்துக்கு குதிரை வாங்க இதைவிட நல்ல இடம் ஏது? மாட்டுத் தாவணிகளில் (சந்தைகளில்) துண்டுக்குள் கைவிட்டு விரலால் விலை பேசுவார்கள். நான்கு கட்டம் போதும். முதலில் தரகர் துண்டைப் போடுகிறார். இரண்டில் துண்டு மட்டும் அசைகிறது. மூன்றில் வீரனின் முகத்தில் வியர்வை. நான்கில் கூட்டாளி, "எவ்வளவுக்குடா முடிஞ்சுது?" என்கிறான். "குதிரையை வாங்கினனா, நம்ம கழுதையை வித்தனான்னே தெரியலடா." பகடையையே காட்டாமல் ஒரு பேரத் தோல்வி முடிந்தது.

கொங்கு நாட்டுப்புறக் கதையான அண்ணன்மார் கதையைத் தொடும்போது மட்டும் நிதானம் வேண்டும். பொன்னர், சங்கர், நடக்கப்போவதை முன்பே அறியும் தங்கை, கூடவே சுற்றும் சாம்புவன், எதிரில் கொம்பன் என்ற ராட்சதப் பன்றி... ஒரு சாகசக் கூட்டத்துக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் அவர்கள் மக்கள் கும்பிடும் தெய்வங்கள். ஆளுக்கொரு வேலை என்ற அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள், பெயர்களை விட்டுவிடுங்கள்.

கடைசியில் எழுத்து. பேச்சுக் குமிழியை வரைந்துவிட்டு வசனத்தைத் திணிப்பவர்களே அதிகம். தமிழ்ச் சொல் நீளம். முதலில் வசனத்தைப் போட்டுவிட்டு அதைச் சுற்றிக் குமிழியை வரையுங்கள். 1080 பிக்சல் அகலப் பக்கத்தில் எழுத்து 36 பிக்சலுக்குக் கீழே போனால் செல்போனில் கண் வலிக்கும். ஒரு குமிழிக்குப் பன்னிரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம். சொல்லை உடைக்க நேர்ந்தால் 'போய்க்கொண்/டிருந்தான்' என்று உடைக்காமல் 'போய்க்கொண்டு/இருந்தான்' என்று பிரியுங்கள். சில வரைகலை மென்பொருள்களில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடும், 'கொ' சிதறிவிடும். அமைப்புகளில் தெற்காசிய எழுத்துகளுக்கான வசதியை முதலில் இயக்குங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் கையால் எழுதிவிடுங்கள். குச்சி மனிதர்களுக்கு அதுதான் பொருத்தமும்கூட.