பேண்டுக்குப் பெயர் வைக்க முன்: அதே பெயரில் இன்னொரு குழு இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

கல்லடியிலோ கல்முனையிலோ நாலு பேர் சேர்ந்து பேண்ட் தொடங்கினால், முதலில் வாயில் வரும் பெயர்களில் ‘பாடும் மீன்கள்’ கட்டாயம் இருக்கும். நம் மட்டக்களப்பு வாவியின் பெருமை அது. ஆனால் உங்களுக்குத் தோன்றியது அடுத்த தெருக்காரருக்கும் தோன்றும். ஊர்க் கச்சேரியோடு நின்றால் பரவாயில்லை. பாட்டை ஸ்பொட்டிஃபையில் ஏற்றினால், முன்பின் தெரியாத இரண்டு குழுக்களின் பாட்டுகள் ஒரே பக்கத்தில் கலந்துவிடலாம். முதல் பாட்டுக்காக மாதக்கணக்கில் உழைத்தவர்களுக்கு அது பெரிய வேதனை.

படி 1: பெயரை எத்தனை விதமாக எழுதலாம் என்று தாளில் எழுதுங்கள். ‘யாழ்’ என்பதை ஆங்கிலத்தில் நாங்கள் ஆர், எல் போட்டு முடிப்போம். தமிழ்நாட்டில் இசட், எச் போடுவார்கள். சிலர் எல் மட்டும் போட்டு விட்டுவிடுவார்கள். தமிழ் எழுத்தையும் சேர்த்தால் ஒரே பெயருக்கு நாலு தேடல்.

படி 2: ஒவ்வொன்றையும் ஸ்பொட்டிஃபை, யூடியூப், பேண்ட்கேம்ப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் தேடுங்கள். அப்புறம் டிஸ்கொக்ஸ், மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற இசைத் தரவுத்தளங்களையும் பாருங்கள். ஒரே பெயர்க்காரர்களை டிஸ்கொக்ஸ் பெயருக்குப் பின்னால் எண் போட்டுப் பிரிக்கும். மியூசிக்பிரெய்ன்ஸ் ஊரையோ இசை வகையையோ சிறு குறிப்பாகச் சேர்க்கும். பழைய குழுதானே என்று விட்டுவிடாதீர்கள். 1960களில் லண்டனில் நிர்வாணா என்றொரு குழு இருந்தது. அமெரிக்காவின் சியாட்டில் நிர்வாணா உலகப் புகழ் பெற்றதும் லண்டன்காரர்கள் வழக்குப் போட, கடைசியில் நீதிமன்றத்துக்கு வெளியே பேசித் தீர்த்தார்கள்.

படி 3: பெயர் ஏற்கெனவே இருந்தால், இன்னும் பாட்டு வெளியிடாத குழு மாற்றிவிடுவதே நல்லது என்பேன். பிளிங்க் என்ற பெயரில் அயர்லாந்தில் ஒரு குழு இருந்ததால்தான் கலிபோர்னியாப் பொடியன்கள் பின்னால் 182ஐச் சேர்த்தார்கள். இங்கிலாந்தின் சுவேட் குழு, அமெரிக்காவில் ‘த லண்டன் சுவேட்’ ஆனது. வால் சேர்ப்பதும் ஒரு வழிதான், ஆனால் ரசிகர்கள் பேச்சில் வாலை விட்டுவிடுவார்கள். அந்தப் பெயரை விடவே மனமில்லையா? மற்றக் குழுவுக்கு மரியாதையாக ஒரு செய்தி அனுப்புங்கள். யாரும் யாரிடமும் திருடவில்லை. அவர்களும் உங்களைப் போலச் சின்னக் குழுதான்.

படி 4: பாட்டை ஏற்றும்போது மிகக் கவனம். பாட்டை ஸ்பொட்டிஃபை போன்ற தளங்களுக்கு அனுப்பித் தரும் டிஸ்ட்ரோகிட் போன்ற விநியோக சேவைகள், இந்தக் கலைஞர் ஏற்கெனவே தளத்தில் இருக்கிறாரா என்று கேட்டு அதே பெயருள்ள பக்கங்களைக் காட்டும். உங்கள் பெயரைக் கண்ட சந்தோஷத்தில் அதை அழுத்திவிட்டால் பாட்டு அடுத்தவர் பக்கத்துக்குப் போய்விடும். படத்தையும் பழைய பாட்டுகளையும் பார்த்து, அது நீங்கள் இல்லையென்றால் புதிய கலைஞர் என்பதையே தெரிவுசெய்யுங்கள்.

படி 5: பெயரை வர்த்தகக் குறியாகப் பதிய விரும்பினால் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதியலாம். பொழுதுபோக்குச் சேவைகள் 41ஆம் வகுப்பில் வரும். தொடக்கக் குழுவுக்கு இது அவசரமில்லை.

பாட்டு வெளியான அன்று காலையிலேயே, தாளில் எழுதிய எல்லா எழுத்து வடிவங்களையும் மறுபடி தேடுங்கள். தவறான பக்கத்தில் இருந்தால் ஸ்பொட்டிஃபை ஃபோர் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற கலைஞர்களுக்கான சேவை வழியாகவோ விநியோக சேவையிடமோ உடனே அறிவியுங்கள். சரியான பக்கத்துக்கு மாறும்வரை இணைப்பை யாருக்கும் அனுப்ப வேண்டாம்.