எதிர்மடக்கை: விடை தடம் மாறும் இடங்கள்

எதிர்மடக்கை, அதாவது ஆன்டிலாக், தனியொரு கணக்கு வகை அல்ல. மடக்கை (லாக்) தெரிந்தால் எண்ணைக் கண்டுபிடிக்க, அடிமானத்தை, அதாவது மடக்கைக்கு அடிப்படையான எண்ணை, அந்த மடக்கையால் அடுக்கேற்றுவதுதான் அது. அடிமானம் 10 எனும்போது ஓர் எண்ணின் மடக்கை 3 என்றால், அந்த எண் 10³, அதாவது 1000. இதை மனதில் நிறுத்தாமல் அட்டவணையையும் பொத்தானையும் மட்டும் நம்புவதால்தான் பெரும்பாலான பிழைகள் வருகின்றன.

முதல் பிழை, அடிமானம் எது என்று கேட்காமலே கணக்கைத் தொடங்குவது. "3-இன் எதிர்மடக்கை" என்று மட்டும் சொன்னால் விடை கிடையாது. அடிமானம் 10 என்றால் 1000. 2 என்றால் 8. இயற்கை மடக்கையின் அடிமானமான 2.71828 என்றால் 20.09. கால்குலேட்டரிலும் எக்செல்லிலும் லாக் என்றால், வேறு அடிமானம் தராதவரை 10-தான். பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், சி போன்ற நிரல்மொழிகளிலோ வெறும் லாக் என்பது இயற்கை மடக்கை. அங்கே 100-க்கு லாக் எடுத்தால் 2 வராது, 4.605 வரும். அதைத் திருப்ப 10-ஐ அடுக்கேற்றினால் 40 ஆயிரத்தைத் தாண்டிய ஓர் எண் வந்து நிற்கும். எந்த அடிமானத்தில் போனீர்களோ அதே அடிமானத்தில்தான் திரும்பி வர வேண்டும்.

கால்குலேட்டரில் லாக்கின் மேல் சிறிய −1 போட்டிருப்பதைப் பார்த்து, "1-ஐ மடக்கையால் வகுக்க வேண்டும்" என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தக் குறி தலைகீழ்ச் சார்பை, அதாவது மடக்கையைத் திருப்பும் செயலைக் குறிக்கிறது. 2-இன் எதிர்மடக்கை 100. 1-ஐ 2-இன் மடக்கையால் வகுத்தால் கிடைப்பது 3.32. இரண்டுக்கும் தொடர்பே இல்லை.

எதிர்க்குறி மடக்கை

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. மடக்கை எதிர்க்குறி என்பதால் எண்ணும் எதிர்க்குறியாக இருக்காது. நேர்க்குறி அடிமானத்தை எந்த மெய்யெண்ணால் அடுக்கேற்றினாலும் விடை பூச்சியத்துக்கு மேல்தான். அடிமானம் 1-ஐ விடப் பெரிது என்றால், எதிர்க்குறி மடக்கைக்கு 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட எண் கிடைக்கும். அடிமானம் 0.5 என்றால் திசையே மாறும்: அங்கே −3-இன் எதிர்மடக்கை 8.

−1.6990-க்கு அட்டவணையில் விடை தேடுவதாக வைத்துக்கொள்வோம். பலர் .6990-ஐப் பார்த்து 5000 என்று எடுத்து, −1-க்கு ஏற்பப் புள்ளி வைத்து 0.5 என்று எழுதிவிடுவார்கள். சரியான விடை 0.02, பிழை 25 மடங்கு. காரணம், அந்த எண்ணில் −0.6990-உம் எதிர்க்குறிதான், அட்டவணையோ நேர்க்குறி தசமங்களுக்கு மட்டுமே. முதலில் முழு எண் பகுதியில் 1-ஐக் குறைத்து, தசமப் பகுதியில் 1-ஐக் கூட்டுங்கள்: −1.6990 = −2 + 0.3010. இதைத்தான் 2-இன் மேல் மட்டும் ஒரு கோடு (பார்) போட்டு, பார் 2.3010 என்று எழுதுகிறோம்; அந்த 2 மட்டுமே எதிர்க்குறி. .3010-க்கு அட்டவணையில் 2000, அதாவது 2.000, அதை 10⁻²-ஆல் பெருக்க 0.02.

இதன் மறுபக்கமும் உண்டு. பார் 2.3010 என்பதைக் கால்குலேட்டரில் −2.3010 என்று தட்டினால் 0.005 வரும். பார் முழு எண்ணுக்கு மட்டுமே உரியது, −1.6990 என்றுதான் தட்ட வேண்டும். வகுக்கும்போதும் கவனம் தேவை. 0.02-இன் கனமூலத்துக்குப் பார் 2.3010-ஐ 3-ஆல் வகுக்க, அதைப் பார் 3 + 1.3010 என்று மாற்றிக்கொள்ளுங்கள். வகுத்தால் பார் 1.4337, விடை 0.2714.

அட்டவணையும் பிற அடிமானங்களும்

மடக்கை அட்டவணையின் வரிசைகள் 10-இல் தொடங்கும். எதிர்மடக்கை அட்டவணையின் வரிசைகள் .00-இல் தொடங்கும். பக்கம் மாறினால் விடையும் மாறும். 2.6345-க்கு .63 வரிசை, 4-ஆம் நிரல்: 4305. அதே வரிசையின் சராசரி வித்தியாச நிரல்களில், நான்காவது தசம இலக்கமான 5-க்கு உரியது 5. கூட்டினால் 4310 (கூட்ட வேண்டும், கழிக்கக் கூடாது). முழு எண் பகுதி 2 என்பதால் புள்ளிக்கு முன் 3 இலக்கங்கள்: 431.0. தவறுதலாக மடக்கை அட்டவணையைப் பார்த்திருந்தால் 8024 கிடைத்திருக்கும்.

இந்த இலக்க விதி அடிமானம் 10-க்கு மட்டுமே பொருந்தும். அடிமானம் 2-இல் 3.5-இன் எதிர்மடக்கையை அதே அட்டவணையில் நேராகப் பார்த்தால் 3162 வரும்; உண்மையில் அது 11.31. அட்டவணைதான் கையில் இருக்கிறது என்றால், முதலில் 2-இன் மடக்கையால் பெருக்குங்கள்: 3.5 × 0.3010 = 1.0535, இதன் எதிர்மடக்கை 11.31. இயற்கை மடக்கைக்கு 0.4343-ஆல் பெருக்க வேண்டும். பெருக்குவதற்குப் பதில் வகுத்துவிட்டால், 20.09 வர வேண்டிய இடத்தில் 80 லட்சத்தைத் தாண்டும்.

அளவைகளில் ஒளிந்திருக்கும் வகுத்தி

டெசிபெல் என்பது ஒரு விகிதத்தின் மடக்கையை 10 அல்லது 20-ஆல் பெருக்கியது; அந்த எண் உள்ளே ஒளிந்திருக்கிறது. 25 டெசிபெல் என்றால் திறன் விகிதம் 10-இன் 2.5-ஆம் அடுக்கு, 316.2, மின்னழுத்த விகிதத்துக்கோ 20-ஆல் வகுக்க வேண்டும், அது 17.78. கணினியில் அடைப்புக்குறி போடாமல் 10^25/10 என்று எழுதினால் அடுக்கேற்றம் முதலில் நடந்துவிடும், 10²⁴ வரும். 10^(25/10) என்று எழுதுங்கள்.

தரவு ஆய்வில் இன்னொரு வழுக்கல். மடக்கைகளின் சராசரிக்கு எதிர்மடக்கை எடுத்தால் கிடைப்பது பெருக்குச் சராசரி. 10, 1000 ஆகியவற்றின் மடக்கைகள் 1, 3, சராசரி 2, எதிர்மடக்கை 100. சாதாரணச் சராசரியோ 505. இரண்டில் எதைச் சொல்கிறீர்கள் என்று அறிக்கையில் எழுதாவிட்டால், படிப்பவர் 505-க்கு உரிய பொருளை 100-க்குக் கொடுத்துவிடுவார். பூச்சியங்கள் இருப்பதால் 1-ஐக் கூட்டி மடக்கை எடுத்திருந்தால், அடுக்கேற்றிய பிறகு அந்த 1-ஐக் கழிக்கவும் மறக்கக் கூடாது.

கடைசியாக, இடையில் தோராயமாக்குவது. மடக்கையில் 0.01 பிழை சிறிதாகத் தெரியும். அடிமானம் 10-இல் அது விடையில் சுமார் 2.3 சதவீதப் பிழை. இயற்கை மடக்கையில் 1 சதவீதம். அடிமானம் 2-இல் 0.7 சதவீதம். எனவே இடைப்படிகளில் எல்லா இலக்கங்களையும் வைத்திருந்து, முடிவில் மட்டும் குறையுங்கள். அங்கேயும் அளவு உண்டு: மடக்கையில் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கமோ, விடையில் அத்தனை பொருளுடைய இலக்கங்கள். பிஎச் (அமிலத்தன்மை அளவு; ஹைட்ரஜன் அயனிச் செறிவின் மடக்கையைக் குறி மாற்றியது) 4.70 என்றால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு லிட்டருக்கு 2.0 × 10⁻⁵ மோல். கால்குலேட்டர் காட்டும் 1.99526 முழுவதையும் எழுதினால், அளவீட்டில் இல்லாத துல்லியத்தை நாமே சேர்த்ததாகிவிடும்.