குறிஞ்சி பார்க்கப் போகிறவர்கள் செய்யக்கூடாதவை

மூணாறு மலைகளில் நீலக்குறிஞ்சி 2006-இலும் 2018-இலும் பூத்தது. கணக்குப்படி அடுத்தது 2030. அப்போது நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கமிருந்து வேன் பிடித்துப் போகிறவர்களுக்கு இப்போதே சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும்.

முதல் தவறு, பறிப்பது. மல்லிகையில் இன்று பறித்தால் நாளைக்கு வேறு மொட்டு விரியும். தோவாளைச் சந்தைக்குப் பக்கத்தில் வளர்ந்த நமக்குப் பூ என்றாலே பறிக்கத்தான் கை போகும். குறிஞ்சிச் செடி அப்படியில்லை. 12 ஆண்டுகள் வளர்ந்து, ஒரே ஒரு முறை பூத்து, விதை விட்டதும் செத்துப்போகிறது. ஒரு கொத்தை ஒடித்தால் அந்தக் கொத்து தரவேண்டிய விதை போச்சு. அதை ஈடுகட்ட அந்தச் செடிக்கு இன்னொரு பருவம் கிடையாது. பூ முடிந்தபின் காய்ந்து நிற்கும் புதரை விறகென்று நினைத்து ஒடிப்பதும், அங்கே நெருப்பு வைப்பதும் இதைவிட மோசம். அடுத்த தலைமுறை முழுவதும் அந்தக் காய்களுக்குள்தான் இருக்கிறது.

அடுத்தது, நாற்றைப் பிடுங்கி வந்து வீட்டில் வைப்பது. முக்கியமாக மேற்குத் தொடர்ச்சி மலையில், பெரும்பாலும் 1300 முதல் 2400 மீட்டர் உயரத்துப் புல்வெளிகளில் வாழும் செடி இது. கடல்மட்டத்தை ஒட்டிய நம்மூர்ச் சூட்டில் தொட்டியில் வைத்து வீணாக்க வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாதுகாக்கும் செடிகளில் இதுவும் ஒன்று என்பதால் வழக்கும் வரும்.

கீரிப்பாறைப் பக்கம் நீலப் பூ எதைக் கண்டாலும் ‘குறிஞ்சி பூத்தாச்சு’ என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். இதே இனத்தில் பல வகைகள் உண்டு, பூக்கும் கணக்கும் ஒவ்வொன்றுக்கும் வேறு. அதற்குமேல், நீலக்குறிஞ்சியே எல்லா மலையிலும் ஒரே ஆண்டில் பூப்பதில்லை. அதனால் கிளம்புவதற்கு முன் அந்தந்த ஊர் வனத்துறையிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அப்புறம், தேன். குறிஞ்சி கூட்டமாகப் பூக்கும்போது நம் மார்த்தாண்டத்துப் பெட்டிகளில் வளர்க்கிற அதே இந்தியத் தேனீதான் அங்கே மொய்க்கும். ஆனால் நம் பெட்டித் தேனில் பெரும்பங்கு ரப்பர் தோட்டத்துத் தேன். ஆண்டு தவறாமல் ‘நீலக்குறிஞ்சித் தேன்’ என்று ஒருவர் விற்றால், எந்த மலையில், எந்த ஆண்டு எடுத்தது என்று கேளுங்கள்.