பழைய கணினியில் ஒரு தொலைக்காட்சிப் பதிவுக் கருவி

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் வடம் பிடிக்கப் போனவர்கள், அதன் நேரலையைப் பதிவு செய்து இரவில் நிதானமாகப் பார்க்க விரும்பினால், வீட்டில் சும்மா கிடக்கும் கணினியே போதும்.

அதில் டிவிபி-எஸ்2 டியூனர் அட்டையை, அதாவது டிஷ் ஆன்டெனாவில் வரும் செயற்கைக்கோள் அலையைக் கணினிக்குள் வாங்கும் அட்டையை, பொருத்துங்கள். கட்டணச் சேவைகளின் பூட்டிய அலைவரிசைகளை அது திறக்காது என்பதால், மாதக் கட்டணமில்லாத தூர்தர்ஷன் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷே இதற்கு ஏற்றது. அதைச் சுமக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் 93.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் நிற்கிறது. ஆகவே திருநெல்வேலியில் டிஷ் கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் இடையில் பார்க்க வேண்டும், அலை தரையிலிருந்து ஏறத்தாழ 69 பாகை உயரத்தில் வரும். அம்பாசமுத்திரம், பாபநாசம் பக்கத்து வீடுகளுக்கு மேற்கு மலை குறுக்கே வராது. தென்னைதான் மறைக்கும், எனவே மொட்டைமாடியே நல்லது.

பிறகு லினக்ஸ் இயங்குதளமும், அலைவரிசைகளைப் பதிவு செய்யும் டிவிஹெட்எண்ட் மென்பொருளும் நிறுவி, உலாவியில் 9981 என்ற போர்ட் வழியே (கணினியின் முகவரிக்குப் பின் :9981 எனத் தட்டி) நுழைந்து அலைவரிசைகளைத் தேடுங்கள். நேரலைகள் குறித்த நேரத்தில் முடிவது அரிது. பதிவை 5 நிமிடம் முன்னதாகத் தொடங்கி, 30 நிமிடம் கூடுதலாக ஓடவிடுவதே என் வழக்கம். சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி பிடிக்கும். மின்தடையில் பதிவு அறுந்துவிடாதிருக்க யுபிஎஸ் கட்டாயம் வையுங்கள்.