வேலூர்க் குளிரில் செடி பீன்ஸ்: முதல் மூன்று வாரம்தான் முக்கியம்

வேலூரில் பீன்ஸ் வராது என்று சொல்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் பங்குனியில் விதை போட்டிருப்பார்கள். பகலில் 30 டிகிரிக்கு மேல் போனால் பூ கொட்டிவிடும், அவ்வளவுதான் விஷயம். கார்த்திகைக் கடைசியில் போட்டால் தை முடிவதற்குள் காய் பறித்துவிடலாம்.

நாட்டுப் பந்தல் அவரையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவரையை ஆடியிலேயே போட்டாலும் பந்தல் முழுக்கப் படர்ந்துவிட்டு, பகல் குறைந்த பிறகுதான் பூ எடுக்கும். இத்தனைக்கும் நம் ஊரில் ஆனிக்கும் மார்கழிக்கும் பகல் நேரத்தில் சுமார் ஒன்றரை மணி வித்தியாசம்தான், அது அதற்குப் போதும். (ராத்திரி முழுக்கத் தெருவிளக்கு விழுகிற மூலையில் பந்தல் போட்டுவிட்டு ஏன் பூக்கவில்லை என்று கேட்பவர்களுக்கும் பதில் இதுதான்.) அர்கா கோமல் மாதிரி செடி பீன்ஸ் ரகங்களுக்கு இந்தக் கணக்கே கிடையாது. பகல் நீளமோ குட்டையோ, முளைத்து 35, 40 நாளில் பூத்துவிடும்.

வசதிதான், ஆனால் அதில்தான் சிக்கலும் இருக்கிறது. செடி ஒரு சாண் உயரத்தில் நோஞ்சானாக இருந்தாலும் நாள் வந்தால் பூத்துவிடும், அப்புறம் நீங்கள் என்ன உரம் போட்டாலும் அது வளரப்போவதில்லை. அதனால் நாற்று விட்டுப் பிடுங்கி நடுகிற வேலை வேண்டாம், வேர் அசைந்தால் ஒரு வாரம் சுணங்கும், இதற்கு ஒரு வாரம் என்பது பெரிய நஷ்டம். நேரடியாக ஓர் அங்குல ஆழத்தில் விதையுங்கள், வரிசைக்கு வரிசை ஓர் அடி, செடிக்குச் செடி அரை அடி. ராத்திரி முழுக்க ஊறவைக்க வேண்டாம், ஊறிய விதை குளிர்ந்த மண்ணில் வெடித்து அழுகும். ரைசோபியம் (பயறு வகை வேரில் தழைச்சத்து சேர்க்கும் நுண்ணுயிர் உரம்) கிடைத்தால் ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையைப் புரட்டி நிழலில் உலர்த்திப் போடலாம்.

புயல் மழை ஓய்ந்த பிறகு போடுவது நல்லது, நீர் தேங்கினால் இரண்டே நாளில் இலை மஞ்சளாகும். மேட்டுப்பாத்தி, மக்கிய தொழு உரம், குறைந்தது ஆறு மணி நேர வெயில். பயறு வகைதானே, காற்றிலிருந்தே தழைச்சத்து எடுத்துக்கொள்ளும் என்று சும்மா விடவும் கூடாது, பீன்ஸ் அந்த வேலையில் கொஞ்சம் மந்தம். மூன்றாவது வாரத்துக்குள் மண்புழு உரம் ஒரு கை கொடுங்கள். அதற்காக யூரியாவை அள்ளிப் போட்டால் இலைதான் வரும், காய் வராது.

நுனி கிள்ளாதீர்கள். கத்தரிக்கும் செம்பருத்திக்கும் கிள்ளிப் பழகிய கை சும்மா இருக்காது, ஆனால் செடி பீன்ஸில் தண்டின் நுனியிலேயே பூங்கொத்து வரும், கிள்ளினால் போச்சு. இன்னொன்று, மார்கழிக் காலையில் இலை பனியில் நனைந்திருக்கும்போது செடியைத் தொடாதீர்கள், துரு நோய் கையோடு அடுத்த செடிக்குப் போகும். இலையின் அடியில் செம்பழுப்புப் பொடி விரலில் ஒட்டினால் அதுதான், அந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசலோடு, சாயங்காலம் தெளித்தால் போதும்.

ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம் இருப்பவர்கள் இந்தக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம், கீழே இருப்பதைவிட ஆறேழு டிகிரி குறைவு. அங்கே மார்கழி ராத்திரி விதை முளைக்கச் சிரமப்படும், தை கடைசியில் போடுங்கள்.

எல்லாச் செடியும் ஒன்றாகப் பூத்து ஒன்றாக முடியும் என்பதால் பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தவணையாக விதைப்பது நல்லது. காயை உடைத்தால் டக்கென்று ஒடிய வேண்டும். உள்ளே பருப்பு புடைத்துவிட்டால் செடி அடுத்த பூ எடுப்பதைக் குறைத்துக்கொள்ளும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்துவிடுங்கள். விதைக்கு இரண்டு நல்ல செடியை முதலிலேயே ஒதுக்கிக் காய் பறிக்காமல் விடுங்கள். தன் மகரந்தச் சேர்க்கைதான், ரகம் கலக்கும் பயம் அதிகம் இல்லை. காய் செடியிலேயே காய்ந்து, ஆட்டினால் உள்ளே சலசலக்கும்போது எடுத்துக்கொள்ளலாம்.