ஈரான் ஓவியர்களை இணையத்தில் தேடிப் பின்தொடர்வது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

டெஹ்ரானில் இருக்கும் ஒரு காலிகிராஃபி (அழகெழுத்து) கலைஞரை நான் இன்ஸ்டாகிராமில் பின்தொடர்கிறேன். தினமும் ஒரு வரி எழுதிப் படம் போடுவார். 2025 ஜூனில் அந்தப் பக்கம் திடீரென்று நின்றுபோனது. அங்கே போர், நாடு முழுக்க இணையம் ஏறக்குறைய அறுந்து கிடந்தது. பல நாள் கழித்து ஒரே ஒரு எழுத்து மட்டும் எழுதிய காகிதம் ஒன்று வந்தது, கீழே ஒரு சொல்கூட இல்லை, அதைப் பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. அந்தப் படத்தை நண்பர்களிடம் காட்டியபோது "இவர்களையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறாய்?" என்று கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இது. பாரசீகம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, ஒரு போனும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

படி 1: அவர்கள் எழுத்திலேயே தேடுங்கள்

ஆங்கிலத்தில் தேடினால் சுற்றுலாப் படங்களும் கம்பள விளம்பரங்களும்தான் முன்னால் வந்து நிற்கும். அதனால் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து, தமிழில் "ஓவியம்" என்று அடித்து, அதைப் பாரசீகத்துக்கு மாற்றி, வருவதை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்திக் கேட்டால் "நக்காஷி" என்று ஒலிக்கும். நம் நகை ஆசாரிகள் சொல்லும் "நகாசு வேலை" இருக்கிறதே, அந்த நகாசும் இந்தச் சொல்லின் உறவுதான். புகைப்படக்கலைக்கு "அக்காஸி". காலிகிராஃபிக்கு "கொஷ்நெவீஸி", அதாவது அழகான எழுத்து, அதில் வரும் "கொஷ்" நாம் சொல்லும் குஷியில் இருப்பதேதான். நுண்ணோவியத்துக்கு "நெகார்கரி". இந்த நான்கையும் போனில் ஒரு குறிப்பாகச் சேமித்து வையுங்கள், தினமும் தேவைப்படும்.

ஒரு எச்சரிக்கை. இலக்கு மொழியாக அரபியைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். எழுத்து ஒன்று போலத் தெரியும், ஆனால் பாரசீகத்தில் நான்கு எழுத்துகள் கூடுதல், அதோடு "க", "ய" ஒலிக்கான எழுத்துகள் பார்க்க ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும் கணினிக்குள் இரண்டுக்கும் வேறு வேறு குறியீடு. அரபி எழுத்தில் தேடினால் பாதிப் பக்கங்கள் கண்ணில் படாமலே போகும்.

படி 2: நான்கு பேரை முதலில் பாருங்கள்

உடனே நூறு பக்கங்களைப் பின்தொடர வேண்டாம். முதலில் கண் பழக வேண்டும், அதற்கு ஏற்கெனவே உலகம் அறிந்த சிலரிடமிருந்து தொடங்குவதுதான் நல்லது.

பர்வீஸ் தனாவொலி, சிற்பி, 1937இல் டெஹ்ரானில் பிறந்தவர். "ஹீச்" என்ற சொல்லை 1960களிலிருந்து சிற்பமாகச் செய்துகொண்டே இருக்கிறார். ஹீச் என்றால் "ஒன்றுமில்லை". அந்த மூன்று எழுத்தும் வளைந்து, நாற்காலியில் உட்கார்ந்து, கூண்டுக்குள் அடைபட்டு, ஒரு மனித உடம்பு போலவே ஆகிவிடும். கூண்டுக்குள் இருப்பது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது, அவர்கள் இணையத் தொகுப்பில் இலவசமாகப் பார்க்கலாம்.

அடுத்து ஷாதி காதிரியான். 1998இல் "கஜார்" என்ற புகைப்பட வரிசையை எடுத்தார். 19ஆம் நூற்றாண்டு அரச காலத்து உடையில், பழைய ஸ்டூடியோ திரைக்கு முன்னால் பெண்கள் நிற்பார்கள், ஒருத்தி கையில் பெப்சி கேன் இருக்கும், இன்னொருத்தி பக்கத்தில் வேக்குவம் கிளீனர் இருக்கும். அதற்கு அப்புறம் எடுத்த இன்னொரு வரிசையில் பூப்போட்ட சாதர் (தலை முதல் கால் வரை மூடும் துணி) போர்த்திய பெண்களுக்கு முகமே கிடையாது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் இஸ்திரிப் பெட்டி, விளக்குமாறு, வடிகட்டி. முதல் தடவை பார்த்தபோது எனக்கு எங்கள் வீட்டுச் சமையலறை ஞாபகம் வந்து வெகுநேரம் அந்தப் படத்தைவிட்டு நகர முடியவில்லை.

நியூஷா தவக்கோலியான், மேக்னம் புகைப்படக் குழுவின் உறுப்பினர். 1979 புரட்சிக்குப் பிறகு ஈரானில் பெண்கள் ஆண்கள் இருக்கும் அவையில் தனியாகப் பாடத் தடை இருக்கிறது. இவர் அப்படிப்பட்ட பாடகிகளை, கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருக்கும் நிலையில் படம் எடுத்தார். அதன் காணொளியில் வாய் அசையும், ஒலி வராது. உங்கள் போனில் ஸ்பீக்கர் கெட்டுவிட்டதோ என்று தேடாதீர்கள், அந்த மௌனம்தான் படைப்பு.

நான்காவது மொனீர் ஷாரூதி ஃபர்மான்ஃபர்மாயான், கண்ணாடித் துண்டுகளை வடிவியல் கோலமாக ஒட்டியவர், 2019இல் காலமானார். டெஹ்ரானில் அவர் பெயரில் ஒரு அருங்காட்சியகம் 2017இல் திறக்கப்பட்டது. இவர் வேலையை நிலைப்படமாகப் பார்த்தால் பாதிகூடத் தெரியாது. யாராவது நடந்துகொண்டே எடுத்த காணொளியைத் தேடுங்கள், அப்போதுதான் ஒளி உடைந்து உடைந்து நகர்வது புரியும்.

படி 3: கணக்கு அமைதியானால் விட்டுவிடாதீர்கள்

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஃபேஸ்புக்கும் யூடியூபும் ட்விட்டரும் 2009இலிருந்து ஈரானில் தடை. டெலிகிராம் 2018இல். கலைஞர்களுக்குக் கடைசியாக மிச்சமிருந்த பெரிய ஜன்னல் இன்ஸ்டாகிராம், அதையும் ஹிஜாப் விதியை மீறியதாகப் பிடிக்கப்பட்ட மஹ்சா அமினி என்ற இளம்பெண் காவலில் இருந்தபோது இறந்ததைத் தொடர்ந்து எழுந்த போராட்டத்தின்போது 2022 செப்டம்பரில் அடைத்தார்கள். அதே சமயம் தடுத்த வாட்ஸ்அப்பை 2024 டிசம்பரில் திறந்துவிட்டார்கள், இன்ஸ்டாகிராமை அப்போதும் திறக்கவில்லை. அதனால் அங்கிருந்து ஒருவர் படம் ஏற்றுவதென்றால் விபிஎன் (தடையைச் சுற்றி, வேறு நாட்டு வழியாக இணையத்துக்குள் போகும் செயலி) போட்டுத்தான் ஏற்ற வேண்டும். அவர்கள் மொழியில் அதற்கு "ஃபில்தர்ஷெகன்", வடிகட்டியை உடைப்பது என்று பொருள். அது அடிக்கடி அறுந்துபோகும், நல்ல இணைப்புக்குப் பணம் கட்ட வேண்டும். நாம் ஒரு விநாடியில் தள்ளிவிட்டுப் போகும் அந்தப் படத்தை ஏற்ற ஒருவர் ராத்திரி ஒரு மணிவரை உட்கார்ந்திருக்கலாம்.

ஆகவே செய்ய வேண்டியது: பிடித்த கணக்குகளுக்கு அறிவிப்பு மணியை இயக்கி வையுங்கள். மாதக்கணக்கில் பதிவு இல்லையென்றாலும் பின்தொடர்வதை நீக்காதீர்கள். கணக்கு விவரத்தில் வேறு நாட்டின் பெயர் தெரிந்தால் போலிக் கணக்கு என்று முடிவு கட்டாதீர்கள், விபிஎன் அப்படிக் காட்டலாம்.

படி 4: நேரமும் தேதியும்

டெஹ்ரான் காலரிகள் (கலைக்கூடங்கள்) புதிய கண்காட்சிகளைப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மாலையில்தான் திறக்கும். நமக்கும் அவர்களுக்கும் இரண்டு மணி நேர வித்தியாசம், அங்கே மாலை 4 என்றால் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் 6. வெள்ளி இரவு ஸ்டோரிகளைப் புரட்டினால் ஒரே நேரத்தில் பல காலரிகளுக்குள் நடந்துவிட்டு வரலாம், புதுப் பெயர்கள் எனக்குக் கிடைப்பது இப்படித்தான்.

படத்தின் மூலையில் 1403 என்று கையெழுத்தோடு இருந்தால் குழம்ப வேண்டாம். அது ஈரானியச் சூரிய நாட்காட்டி, மார்ச் 20 அல்லது 21இல் வரும் நவ்ரூஸ் அன்று ஆண்டு பிறக்கும். 621 கூட்டினால் நம் ஆண்டு வரும் (ஜனவரி முதல் நவ்ரூஸ் வரை 622). எனவே 1403 என்பது 2024 மார்ச்சிலிருந்து 2025 மார்ச் வரை.

படி 5: பகிரும்போது கவனம்

படத்தை எடுத்தவர் பெயர் இல்லாமல் சுற்றும் பக்கங்கள் ஏராளம். படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸில் போட்டு மூலப் பக்கத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்தே பகிருங்கள். தலைப்பை நீங்களாக மாற்றாதீர்கள். ஈரானுக்குள் வாழ்பவரின் படத்துக்குக் கீழே அரசைத் திட்டி எழுதவே எழுதாதீர்கள், நமக்கு அது ஒரு கருத்து, அவருக்கு அது வழக்காக மாறலாம். அத்தேனா ஃபர்கதானி என்ற இளம் ஓவியர் நாடாளுமன்ற உறுப்பினர்களை விலங்குகளாக வரைந்து ஃபேஸ்புக்கில் போட்டார். 2014இல் கைதானார், 2015இல் 12 ஆண்டு 9 மாதச் சிறைத் தண்டனை விதித்தார்கள், மேல்முறையீட்டில் குறைந்து 2016 மே மாதம் வெளியே வந்தார். தன் படத்தில் எவ்வளவு சொல்லலாம் என்பதை வரைபவர்தான் முடிவு செய்ய வேண்டும், அவர் சொல்லாமல் விட்டதை நாம் நிரப்பக் கூடாது.

படி 6: வாங்க ஆசைப்பட்டால்

ஈரான் வங்கிகள், நாடு விட்டு நாடு பணம் அனுப்ப வங்கிகள் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் வலையமைப்பிலிருந்து 2012இல் வெட்டப்பட்டு, 2016இல் சேர்ந்து, 2018இல் மறுபடியும் வெட்டப்பட்டன. பேபால் கிடையாது, விசா, மாஸ்டர்கார்டு செல்லாது. இத்தனைக்கும் அமெரிக்கத் தடைச் சட்டத்திலேயே ஓவியம், புகைப்படம், புத்தகம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. பொருள் வரலாம், பணம் போகும் வழிதான் அடைப்பு. ஆகவே எடுத்த எடுப்பில் "விலை என்ன, எப்படி அனுப்புவது?" என்று கேட்காமல், "வெளிநாட்டில் உங்கள் படைப்பை விற்கும் காலரி இருக்கிறதா?" என்று கேளுங்கள். பலருக்கு துபாயிலோ ஐரோப்பாவிலோ இருக்கும். பணம் அனுப்பும் முன் உங்கள் வங்கியிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அதெல்லாம் முடியாதென்றால் அவர்களின் புகைப்படப் புத்தகங்கள் வாங்கலாம், அது நம் கைக்கு எட்டும் வழி.

படி 7: ஒரு வரி எழுதுங்கள்

இதயக் குறியோடு நிறுத்தாதீர்கள். நல்ல வேலையைப் பார்த்தால் "உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்" என்று நம் ஊரில் சொல்வோம் இல்லையா, அவர்களும் கையைத்தான் வாழ்த்துகிறார்கள்: "தஸ்தெதூன் தர்த் நகொனே", உங்கள் கை வலிக்காதிருக்கட்டும். வீட்டில் டீ போட்டுக் கொடுத்தவரிடமும் சொல்வார்கள், ஆறு மாதம் உட்கார்ந்து ஒரு நுண்ணோவியத்தை முடித்தவரிடமும் சொல்வார்கள். அவர்கள் எழுத்தில் போட முடிந்தால் போடுங்கள், இல்லையென்றால் தமிழிலேயே எழுதுங்கள், மொழிபெயர்ப்புப் பொத்தான் அவர்களிடமும் இருக்கிறது. பதில் வர நாளாகலாம். வந்தால் பெரும்பாலும் இப்படி இருக்கும்: "சரெதூன் தர்த் நகொனே." உங்கள் தலை வலிக்காதிருக்கட்டும்.