மயங்கி விழுபவரிடம் ‘உடம்பைத் தளரவிடு’ என்று சொல்லாதீர்கள்

போன புதன்கிழமை பேத்திக்கு 9 மாத ஊசி போட, வெண்ணாற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். நான் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது மட்டும்தான் என் வேலை. புதிதாக வேலைக்கு வந்திருந்த பெண், உதடு வெளுத்து நின்ற ஒரு பையனிடம், “உடம்பைத் தளரவிடு தம்பி, மூச்சை நன்றாக இழுத்து விடு, ஒன்றும் ஆகாது” என்றாள். நான் இருபது வருடங்களுக்கு முன்னால் சொன்ன அதே வார்த்தைகள். எழுந்து போய் அவனைப் படுக்க வைத்தேன். அவளுக்கு என்மேல் கோபம்தான். இருக்கட்டும்.

ஊசி போடும் இடத்தில் நாம் செய்யும் தவறுகளில் சிலவற்றைச் சொல்கிறேன். தடுப்பூசி அட்டையை மறந்து வருவது, முழங்கை வரை இறுக்கமான சட்டை போட்டு வருவது இதையெல்லாம் எழுதப் போவதில்லை. சுவரில் ஒட்டியிருக்கும் தாளே அதைச் சொல்லிவிடும்.

எல்லாப் பயத்தையும் ஒரே பயமாக நினைப்பது

ஒரு பள்ளியில் 16 வயதுப் பிள்ளைகளுக்கு ரண ஜன்னி தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தோம். முதலில் வந்தவன் கபடி அணிப் பையன், நல்ல உயரம். நெற்றி முழுக்க வியர்வை. “உனக்கு என்னடா பயம்” என்று ஓர் ஆசிரியர் கேட்க, வரிசையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, உடம்பைத் தளரவிடச் சொன்னேன். அரை மில்லி மருந்து, இரண்டு நொடி வேலை. “அவ்வளவுதானா சிஸ்டர்” என்று எழுந்து நடந்தவன், அடிபம்பு வரை போய்ச் சிமெண்ட் தளத்தில் குப்புற விழுந்தான். முன்பல் பாதி உடைந்துவிட்டது. அதைப் பார்த்த மூன்று மாணவிகள் ஊசியே போடாமல் மயங்கிச் சரிந்தார்கள்.

சம்பா நடவு முடிந்து களை எடுக்கும் சமயம் அது. ஊசி போட்டுப் பிள்ளைகள் விழுகிறார்கள் என்ற செய்தி வாய்க்காலைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகும்? அம்மாக்கள் சேற்றுக் காலோடு ஓடி வந்துவிட்டார்கள். மிச்சப் பிள்ளைகளுக்கு அன்று ஊசி இல்லை. அதன் பிறகு வெகு நாள், அந்தத் தெருவில் கைக்குழந்தைக்கு ஊசி போடவே வீடு வீடாகப் போய்க் கெஞ்ச வேண்டியிருந்தது. மருந்தில் ஒரு குறையும் இல்லை. குறை என் வாயில் இருந்தது.

ஊசிப் பயம் இரண்டு வகை. ஒரு வகையினருக்கு நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், அழுகை வரும்; ஆனால் விழமாட்டார்கள். மெதுவாக மூச்சு விடுவதும் பேச்சுக் கொடுப்பதும் இவர்களுக்கு உதவும். இன்னொரு வகையினருக்கு ரத்த அழுத்தம் முதலில் ஏறி, பிறகு சட்டென்று சரியும்; மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து கண் இருட்டும். ஏற்கெனவே சரிகிற உடம்பை இன்னும் தளரவிடச் சொன்னால் என்ன ஆகும்? அடிபம்புதான்.

இவர்கள் உடம்பை இறுக்க வேண்டும். சுவீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ் யோரான் ஓஸ்ட் 1980களில் வகுத்த முறை இது. எனக்கு ஒரு பயிற்சி வகுப்பில் தாமதமாகத்தான் தெரிய வந்தது. தொடை, வயிறு, ஊசி போடாத கை மூன்றையும் முறுக்கிப் பிடியுங்கள். முகத்தில் சூடு ஏறுவது தெரியும்வரை, அதாவது 10 முதல் 15 நொடி, அப்படியே இருங்கள். பிறகு விடுங்கள், முழுக்கத் தொய்ந்துவிடாமல் இயல்பு நிலைக்கு வந்தால் போதும். அரை நிமிடம் கழித்து மறுபடியும் இறுக்குங்கள். இப்படி ஐந்து முறை. ஊசி போடும் கை மட்டும் தொங்கட்டும். அதையும் முறுக்கினால் வலி கூடும். முதல் முறையாக வரிசையில் நின்றுகொண்டு செய்து பார்க்காதீர்கள். ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில் பழகிவிட்டு வாருங்கள்.

முன்பு எப்போதாவது ரத்தத்தையோ ஊசியையோ பார்த்து மயங்கியிருந்தால், உள்ளே நுழைந்ததும் அதைச் சொல்லிவிடுங்கள். படுத்துக்கொண்டு போட்டுக்கொள்வதில் எந்த வெட்கமும் இல்லை. ஊசி போடுபவர்களுக்கும் சொல்கிறேன்: “பயமா?” என்று கேட்டால் கபடிப் பையன் இல்லை என்றுதான் சொல்வான். “முன்னால் மயங்கியிருக்கிறாயா?” என்று கேளுங்கள்.

அவன் இப்போது நெல் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறான். எதிரே பார்த்தால் சிரிப்பான். சிரிக்காமல் போனால் தேவலை என்று எனக்கு இருக்கும்.

வெறும் வயிற்றில் வருவது

நாலு வாய் பழைய சோறாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

‘சும்மா எடை பார்க்கத்தான்’ என்று ஏமாற்றுவது

ஐந்து வயதுப் பிள்ளையை இப்படி ஏமாற்றி அழைத்து வந்தால், அடுத்த முறை தராசைக் கண்டாலே அலறும். ‘சேட்டை செய்தால் ஊசி போடச் சொல்வேன்’ என்று வீட்டில் மிரட்டுபவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது; ஒரு காலத்தில் என் பிள்ளைகளிடம் நானே சொன்னதுதான். காலையிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்: சுருக்கென்று இருக்கும், மூன்று எண்ணுவதற்குள் முடிந்துவிடும். மடியில் நிமிர்த்தி உட்கார வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தை என்றால் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே போட்டுக்கொள்ளலாம்.

போட்ட இடத்தைத் தேய்ப்பது

தேய்க்காதீர்கள். பஞ்சை அழுத்திப் பிடித்தால் போதும்.

நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று ஒளிந்துகொள்வது

அந்தக் காலம் போய்விட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாட்களில் வரச் சொல்வார்கள். வெறிநோயின் அறிகுறி தெரிந்த பிறகு மருத்துவரால் செய்ய அநேகமாக ஒன்றும் இல்லை. கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு உடனே கிளம்புங்கள். பச்சிலை கட்டுபவர் வீட்டு வழியாகப் போக வேண்டாம்.

போட்டதும் எழுந்து கிளம்புவது

அரை மணி நேரம் உட்காருங்கள். மன்னார்குடி பஸ் போய்விடும் என்ற கதையெல்லாம் என்னிடம் வேண்டாம்.